அயர்லாந்துக்கு நாம் பட்ட கடன்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அயர்லாந்தின் மரபைக் காண விமானம் ஏற வேண்டியதில்லை. மயிலையில் புறப்பட்டு அடையாற்றில் முடியும் ஒருநாள் உலாவே போதும். வழிகாட்டியாக நான் வருகிறேன், உடன் வாருங்கள்.

காலையில் மெரினா. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற சிலைகளுள் கால்டுவெல் சிலையும் ஒன்று. 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். சமயப் பணிக்காக 1838இல் சென்னை வந்தார். எல்லிஸ் 1816இலேயே தொட்டுக்காட்டிய உண்மையை, 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் விரித்து நிறுவினார்: தமிழ் வடமொழியின் கிளையன்று, தனிக் குடும்பத்து மொழி.

அடுத்து, திருவல்லிக்கேணியில் பாரதியார் இல்லம். 1908இல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்கள்' நூலைப் பாரதியார் நிவேதிதா தேவிக்குக் காணிக்கையாக்கினார். அவ்வம்மையார் 1867இல் அயர்லாந்தின் டங்கானன் நகரில் பிறந்த மார்கரெட் நோபிள். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்ட கேள்வி, நம் கவிஞரின் பெண்மை பற்றிய பார்வையையே மாற்றியது என்பர்.

பிற்பகலில் அடையாறு பிரம்மஞான சபை. தாய்வழியில் ஐரிஷ் குருதி கொண்ட அன்னி பெசன்ட் 1916இல் தொடங்கிய 'ஹோம் ரூல்' இயக்கத்தின் பெயரே அயர்லாந்தின் உரிமை முழக்கம். அவருடைய அழைப்பால் 1915இல் இந்தியா வந்த மார்கரெட் கசின்ஸ், தம் தாயகத்திலேயே பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற அவரே முன்னின்றார். 1921இல் சென்னை மாகாணப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1932இல் நம் விடுதலைக்காக வேலூர்ச் சிறைக்கும் சென்றார் அவ்வம்மையார்.

'அயலாரை ஏன் இவ்வளவு போற்ற வேண்டும்?' என்று அன்பர் ஒருவர் கேட்கலாம். தக்க கேள்விதான். ஜாலியன்வாலாபாக் படுகொலையை ஆதரித்த பஞ்சாப் ஆட்சித் தலைவர் மைக்கேல் ஓட்வயரும் அயர்லாந்தில் பிறந்தவரே! ஆகவே நாம் போற்றுவது பிறந்த மண்ணையன்று. நம்மிடையே வாழ்ந்து அவர்கள் மேற்கொண்ட பணியையே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். கால்டுவெல் தமிழின் தனித்தன்மையை நிறுவிய அதே காலத்தில், அவர் பிறந்த தீவில் ஐரிஷ் மொழி பெரும்பஞ்சத்தாலும் ஆங்கிலத்தின் செல்வாக்காலும் தேய்ந்துகொண்டிருந்தது. இன்று அயர்லாந்தின் அரசியல் சட்டம் அதனை முதல் ஆட்சிமொழி என்கிறது. ஆனால் அன்றாடம் பேசுவோர் மிகச் சிலரே. பெருமை பேசுவதால் மட்டும் மொழி வாழ்ந்துவிடாது; பிள்ளைகளின் நாவில் வாழ வேண்டும். மயிலையிலும் தியாகராய நகரிலும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

பதினோராம் ஆண்டில் வட்டம் ஒன்று செய்யட்டும். அப்பிள்ளைகளை இவ்வுலாவுக்கு அழைத்துச் செல்வோம். கால்டுவெல் சிலையடியில் நாம் பேச வேண்டாம். தமிழில் அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். பட்ட கடனை அடைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.