கேளாமல் விதித்த தீர்ப்பு

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பொருளாதாரம் என்றதும், அது மத்திய வங்கியின் மாடியிலே படித்தவர் சிலர் போடும் கணக்கு என்று நம்மிற் பலர் ஒதுங்கிவிடுகின்றோம். உண்மை அதுவன்று. வரி, வட்டி, நாணய மாற்று ஆகிய யாவும் இறுதியில் வந்து நிற்குமிடம் நமது அடுப்படியும் தோட்டமுமேயாகும்.

1953 ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். பங்கீட்டு அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. நிதி மந்திரிக்கு அது வரவுசெலவுத் திட்டத்தின் துண்டுவிழும் தொகையை அடைக்கும் வழி. ஐந்து வயிறுகளுக்குச் சோறாக்கும் தாய்க்கோ, நாளுக்கு எத்தனை வேளை உலையேற்றுவது என்னும் கேள்வி. ஆகஸ்டு 12 ஆம் திகதி ஹர்த்தால் மூண்டது. அக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

அடுத்துக் கமக்காரரின் கதையைப் பார்ப்போம். 1970 இல் பதவியேற்ற அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றங்களிலும் உழைத்தவர் கையிற் காசு புழங்கிற்று. அதே காலத்திற் பட்டினத்து மக்கள் ஓர் இறாத்தல் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்றதையும் நாம் மறைக்கலாகாது. 1977 இல் வந்த அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. பிறநாட்டுச் சரக்கு வந்து குவிய, தோட்டக்காரனின் விலை சரிந்தது. எந்தக் கொள்கை சரி, எது பிழை என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு வரவில்லை. கொடுத்தபோதும் பறித்தபோதும் கமக்காரனின் சொல் கேட்கப்படவில்லை என்பதே நமது வழக்கு.

2021 மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கிற்று. ஆனால் காலபோக விதைப்பு வந்துவிட்டது, உரம் வந்து சேரவில்லை. வர்த்தமானியைத் திருத்தலாம். போன போகத்தைத் திருத்த முடியுமோ?

2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா வேண்டியிருந்தது. சம்பளம் அவ்வாறு ஏறியதா? இல்லை. ஏறாத இடைவெளியை நிரப்பியவை எவை? அடைவுக்குப் போன தாலிக்கொடி, பிள்ளைக்கு வாங்காத பால்மா, தாய் உண்ணாது விட்ட இராச்சாப்பாடு. இவை எந்தச் சுட்டெண்ணிலும் தனி வரியாக எழுதப்படுவதில்லை.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், நாட்டை இந்நிலைக்கு உள்ளாக்கியதில் முன்னாள் சனாதிபதி உள்ளிட்ட உயர் பதவியினர் பொதுநம்பிக்கையை மீறினர் என்றும், அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரையின்படி மக்களுக்குள்ள உரிமையை மீறினர் என்றும் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பெருமைக்குரிய தீர்ப்பே. எனினும் தீர்ப்புப் பின்னால் வந்தது, பட்டினி முன்னால் வந்துவிட்டது.

கள்ளனென்று பிடிபட்டவனையுங்கூட அவன் பக்கத்தைக் கேளாது தண்டிக்கலாகாது என்பது நீதியின் முதற்பாடம். ஒரு குற்றமும் புரியாத கமக்காரனின் பிழைப்பை மாத்திரம், அவனைக் கேளாமலே ஓர் இரவில் வெளியாகும் அறிவித்தலால் மாற்றலாமோ? 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், உருளைக்கிழங்கு, வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி அறவீடு இவ்வாறுதான் பலமுறை ஏற்றி இறக்கப்பட்டது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. இறக்குமதி வரியையும் உரக் கொள்கையையும் மாற்றுவதாயின், விதைக்குமுன் அறிவியுங்கள், அறுவடை வேளையில் அன்று. மாற்றுமுன் விளைவிப்போரையும் வாங்கி உண்போரையும் அழைத்துக் கேளுங்கள். எந்தக் கணக்கின்மேல் முடிவெடுத்தீர்களோ, அந்தக் கணக்கைத் தமிழிலும் வெளியிடுங்கள்.

படித்த அன்பர்களுக்கும் ஒரு கடமையுண்டு. கணக்காளர், ஒரு பரப்புச் செய்கைக்கு ஆகும் செலவைக் கமக்காரனோடு இருந்து எழுதட்டும். சட்டத்தரணிகள், வர்த்தமானியைச் சனசமூக நிலையங்களில் வாசித்து விளக்கட்டும். கமக்காரன் கையிற் கணக்கிருந்தால், அவன் மன்றாட வேண்டியதில்லை. வாதாடலாம். அவனோடு நின்று வாதாட நாம் ஆயத்தமாவோமாக!