கடற்கொள்ளையும் அனுமதிச் சீட்டும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடற்கொள்ளைக்காரன் என்றதும் நம் இளைஞர்களின் மனக்கண்முன் தோன்றுபவன், ஒரு கண்ணைத் துணியால் மறைத்துக் கட்டிய வெள்ளையன். அவன் எங்கோ தொலைவிலுள்ள கடல்களுக்கு உரியவன் என்று எண்ணுகிறோம். ஆனால் கல்குடாவிலிருந்து மட்டக்களப்பு வரை நீண்டு கிடக்கும் நமது கரையின் சரித்திரத்திலும் அவனுக்கு இடமுண்டு. அவன் கையில் வாளோடு ஒரு காகிதமும் இருந்தது. அந்தக் காகிதத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பதினாறாம் நூற்றாண்டில் இந்துமாகடலில் செல்லும் வணிகக் கப்பல்கள் தம்மிடம் பணம் கொடுத்து அனுமதிச் சீட்டுப் பெற வேண்டுமென்று போர்த்துக்கேயர் விதித்தனர். 'கர்த்தாஸ்' என்பது அதன் பெயர். சீட்டில்லாத கப்பல் அவர்கள் கையில் அகப்பட்டால் சரக்கும் போயிற்று, கப்பலும் போயிற்று. காலங்காலமாக இக்கடலில் ஓடியவர்களிடம், நேற்று வந்தவர்கள் வரி கேட்டார்கள். அதை எதிர்த்து மலையாளக் கரையில் போராடிய குஞ்ஞாலி மரைக்காயர்களைக் கடற்கொள்ளையர் என்று எழுதி வைத்தார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600ஆம் ஆண்டில் கோவாவில் சிரச்சேதம் செய்தார்கள்.

பிறகு ஒல்லாந்தர் வந்தனர். 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஸ்பில்பேர்கன் என்னும் கப்பற் தலைவன் மட்டக்களப்பில் வந்திறங்கினான். கச்சான் வீசும் காலத்தில் கீழ்க்கரை அமைதியாக இருக்கும் என்பதை நம் மீனவர் சொல்லத் தேவையில்லை. அவன் கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டு நட்புக் கொண்டான். அதே ஆண்டில்தான் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. போர் தொடுக்கவும், கோட்டை கட்டவும், உடன்படிக்கை செய்யவும் அதன் சாசனம் உரிமை அளித்தது. வணிகனுக்கு அரசு எழுதிக்கொடுத்த வாள் அது!

அடுத்து வந்தவன் செபால்ட் டி வீர்ட். அவனுடைய மாலுமிகள் பசுக்களைக் கொன்றது இங்குள்ள மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. 1603இல் அவன் நான்கு போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்தான். ஆயினும் அவற்றிலிருந்தவர்களை விடுதலை செய்துவிட்டான். பகைவரைத் தப்பவிட்டானே என்று மன்னன் சினங்கொண்டான். பேச்சு முற்றியது. டி வீர்ட்டும் அவனுடன் வந்தோர் பலரும் மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டனர்.

அதே 1603இல் சிங்கப்பூருக்கு அருகில் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கேயக் கப்பலை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதன் சரக்கு முப்பது இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோயிற்று. இது களவா, போரா என்ற கேள்வி எழுந்தது. கம்பெனிக்காக வாதாடிய குரோஷியஸ் என்ற சட்ட அறிஞர், கடல் எல்லோருக்கும் பொது என்று எழுதிய நூல் 1609இல் வெளிவந்தது. உயர்ந்த கருத்துத்தான். ஆனால் அது பிறந்தது ஒரு கொள்ளைப் பொருளுக்கு உரிமை தேடிய வழக்கிலே என்பதை மறக்கலாகாது. அரசின் சீட்டோடு தனியார் கப்பல் பிடிக்கும் வழக்கத்தை ஐரோப்பிய அரசுகள் பாரிசில் கூடி விலக்கியது 1856இலேதான்.

காகிதத்தின் வேலை கடலோடு முடியவில்லை. 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் கண்டியரசன் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தனர். உடனே உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிக்கும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை தங்கலாம் என்பது மன்னனிடம் இருந்த படி. 'மன்னன் விரும்பினால்' என்ற சொற்கள் ஒல்லாந்தர் படியில் இல்லை! பீரங்கியால் பறிப்பது ஒரு விதம். இரண்டு சொற்களை விடுத்துப் பறிப்பது இன்னொரு விதம்.

இளைஞர்களே, கொள்ளையை நான் நியாயப்படுத்தவில்லை. சரக்கை இழந்த வணிகனின் கண்ணீர், பறித்தவன் சீட்டு வைத்திருந்தானா என்று பார்த்து வழிவதில்லை. நான் வேண்டுவது இதுதான்: சரித்திர நூலில் 'கொள்ளைக்காரன்' என்ற சொல்லைக் காணும்போது, அதை எழுதிய கை யாருடையது என்று கேளுங்கள். நாளை உங்கள் காணிக்கோ உழைப்புக்கோ ஓர் உறுதி எழுதப்படும்போது, கையெழுத்திடுமுன் இரண்டு படிகளையும் ஒப்பிட்டு வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர் பக்கத்தில் இருந்தால், அவருக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். இளைஞர் சங்கம் ஊருக்குச் செய்யக்கூடிய தொண்டுகளில் இதுவும் ஒன்று.