தழையை மறைக்காதீங்க
(அணைக்கட்டு கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இன்னைக்குக் கடன் வசூல் பத்திப் பேசப்போறதில்லை. ஒடுவந்தழை பத்திப் பேசப்போறோம். பேரைக் கேட்டதும் சிலர் தலை குனியறீங்க. ஏன்னு நமக்கும் தெரியும்.

இந்த விஷம் ஏமாத்தும். முதல் நாள் ஆள் நல்லாப் பேசுவாங்க, நடப்பாங்க. "ஒண்ணும் ஆகலே"ன்னு நாம வீட்டுக்குக் கூட்டி வந்துடுறோம். உள்ளே சிறுநீரகம் வழியாகப் பொட்டாசியம் என்கிற சத்து வெளியேறிக்கொண்டே இருக்கும், ரத்தத்தில் அமிலம் கூடும். இதயத் துடிப்பு தடுமாறுவது மூணு நாள் கழித்துக்கூட வரலாம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. அடிக்கடி ரத்தம் சோதித்து, குறைந்த சத்தை ஏற்றி, இதயத்தைக் கண்காணித்துத்தான் காப்பாற்றுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதனால், டாக்டர் போகலாம்னு சொல்ற வரைக்கும் வார்டை விட்டுக் கிளம்பக் கூடாது.

மஞ்சள் அரளி வேற மாதிரி. அது நேராக இதயத்தைத் தாக்கும், இ.சி.ஜி.யில் தெரியும். இதய நோயாளிகளுக்குத் தரும் டிகாக்சின் மருந்தை அளக்கிற ரத்தச் சோதனையும் அரளியைக் காட்டிக்கொடுக்கும். இரண்டும் ஒரே ஜாடைப் பொருள்கள். அரளிக்கு முறிவு மருந்து உண்டு, இலங்கையில் நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. ஆனால் விலை எட்டாது.

எல்லா விஷத்தையும் ஒரே சோதனையில் சொல்கிற கருவி எங்கேயும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை, அதுவும் சில பெரிய ஆய்வுக்கூடங்களில்தான். ஆகவே டாக்டருக்கு முதல் சோதனை நாம கொண்டுபோகிற தழைதான். மிச்சத் தழை, காய், விதை எதுவானாலும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்க. எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்க. சாணித் தண்ணி, சோப்புத் தண்ணி ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீங்க, நுரையீரலுக்குள் போயிடும்.

நாம செய்யறது என்ன? "வயித்து வலி"ன்னு சொல்லிச் சேர்க்கிறோம். போலீஸ் கேசு பயம். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகும், உண்மைதான். ஆனால் 2017 மனநலச் சட்டம் அவங்களைத் தண்டிக்காமல் சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது. தற்கொலை முயற்சிக்கான பழைய 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் இல்லவே இல்லை. மானம் போயிடும்னு மறைச்ச அந்த ஒரு மணி நேரத்தில், டாக்டர் வேற நோயைத் தேடிக்கிட்டு இருப்பார்.

மனசு தாங்காத சகோதரி யாரானாலும் 14416-க்குப் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவாங்க. ஆம்புலன்சுக்கு 108. இரண்டு எண்ணையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்பவே எழுதிக்கங்க.