வெள்ளம் வடிந்த பிறகு வரும் சத்தம்



திருவருகைக்காலம் வரும்போதெல்லாம் ஊரப்பாக்கத்தில் வாழும் நமக்கு 2015 டிசம்பர் நினைவுக்கு வரும். அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்தன. கார்கள் போக முடியாத தெருக்களுக்கு அரிசியும் பாலும் போர்வையும் கொண்டுபோக, ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வண்டியை இரவல் வாங்கி ஓட்டினோம். பாதிச் சக்கரம் முங்கிய தண்ணீரிலும் அது போயிற்று.

தண்ணீர் வடிந்தது. வண்டியைக் கழுவினோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

பொங்கலுக்குப் பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் போகும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. டயர் சத்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, பாட்டின் ஒலியைக் கூட்டிவிட்டோம். இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

கடைசியில் ஊரப்பாக்கத்து மெக்கானிக் ஒருவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "முதல்ல பாட்டை நிறுத்துங்க ஃபாதர்" என்றார். ஓடும்போதே நியூட்ரலுக்கு மாற்றச் சொன்னார், முனகல் மாறவில்லை. "இன்ஜின் இல்ல." ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டச் சொன்னார், முன் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் 'டிக் டிக்' என்று கேட்குமாம். கேட்கவில்லை. முன்னும் பின்னும் எடுக்கச் சொன்னார். ஷாஃப்ட் கிராஸ் போயிருந்தால் 'டக்' என்று அடிக்குமாம். அதுவும் இல்லை. வேகமாகப் போய் இடப்பக்கம் வளைத்தபோது பாரம் வலப்பக்கம் சாய்ந்தது, முனகல் கூடியது. "வலது முன்சக்கர பேரிங்."

பிறகு முன் ஹவுசிங்கைத் திறந்தார். ஆயில் பால் கலந்த காபிபோல வந்தது. சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். "அன்னிக்கே கொண்டுவந்திருந்தா ஆயில் மாத்தி, கிரீஸ் வெச்சு அனுப்பியிருப்பேன். இன்னும் விட்டிருந்தா சக்கரமே இறுகியிருக்கும்" என்றார். முந்தின ஞாயிறுதான் மறைக்கல்விப் பிள்ளைகளை அதில் ஏற்றிச் சென்றிருந்தோம். எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று.

அன்பானவர்களே, மனிதருக்குள்ளும் தண்ணீர் இப்படித்தான் புகுகிறது. அந்த வாரம் எல்லாருக்கும் ஓடியாடி உதவியவர் பிறகு பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். மழை வந்தால் பிள்ளை தூங்குவதில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. வெள்ளம் போய் மாதங்கள் கழித்து வருவதால், எதனால் என்று நமக்குப் புரிவதில்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிடுகிறோம்.

ஓரேபு மலையில் எலியா ஆண்டவரைப் பெருங்காற்றிலோ நிலநடுக்கத்திலோ தீயிலோ காணவில்லை; மெல்லிய ஒலியில்தான் கண்டுகொண்டார். நம் வீட்டிலும் மெல்லிய ஒலிகள் இருக்கின்றன. அந்த மெக்கானிக் கவனித்ததையே நாமும் கவனிப்போம்: எப்போது வருகிறது? எந்தப் பக்கம்? எந்தப் பாரத்தில் கூடுகிறது? யாரையும் உடனே கழற்றிப் பார்க்க வேண்டாம். கொஞ்ச தூரம் பக்கத்தில் உட்கார்ந்து போனால் போதும்.

இன்றிரவே தொடங்குவோம். முதலில் இந்த வானொலியை நிறுத்திவிடுங்கள். ஆமென்.