வீணையும் மின்விசிறியும்



வீட்டில் இருந்து இசை கேட்கும்பொழுது சுற்றுப்புறச் சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பது சிறிய விடயமாகத் தோன்றலாம். எனக்கு அது ஒரு மனக்குறையோடு சேர்ந்த விடயம்.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது நான் சிறுவன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் மின்னில் வானொலி கேட்ட காலம் அது. திருச்சி நிலையத்துக் கச்சேரியென்றால் சுழற்றுவது நான். பாயில் இருந்து கேட்பவர் ஐயா. சில்லின் ஓசையும் மத்திய அலையின் இரைச்சலும் கூடவே ஒலிக்கும். ஆயினும் ஊர் அடங்கியிருந்தது. குண்டுச் சத்தம் இல்லாத இரவுகளைத்தான் சொல்கிறேன். வீணையின் கம்பி ஓய்ந்து மறையும் வரை ஐயா தலையசைத்துக்கொண்டிருப்பார்.

பின்னர் மின்சாரம் வந்தது. மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, நீர் இறைக்கும் மோட்டர், வாசலில் முச்சக்கர வண்டி எல்லாம் வந்தன. எண்பதைத் தாண்டிய ஐயா ஒருநாள், "தம்பி, கம்பியைத் தட்டிற சத்தம் மட்டுந்தான் கேக்குது, பாட்டைக் காணேல்லை" என்றார். முதுமையிற் செவி மந்தமாகிவிட்டது என எண்ணி ஒலியைக் கூட்டினேன். பல ஆண்டுகள் கூட்டிக்கொண்டே இருந்தேன்.

ஐயா சொன்னது துல்லியமான உண்மை. வீணையில் ஒருமுறை மீட்டியதும் எழும் ஒலி உடனே தேயத் தொடங்குகிறது. அந்தத் தேயும் ஒலிக்குள்ளேதான் கலைஞர் கம்பியை மெட்டின் மேல் இழுத்துக் கமகங்களைப் பிறப்பிக்கிறார். இராகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அமைதியான படுக்கையறையில் ஏறத்தாழ 30 டெசிபல் ஒலி இருக்கும். சாதாரண உரையாடல் 60 அளவில் இருக்கும். விசிறியின் இரைச்சல் இவற்றுக்கு இடையில் நின்று மெல்லிய ஒலிகளை மூடிவிடுகிறது. மீட்டும் ஒலி அதற்கு மேலே தலைகாட்டும். கமகம் அதற்குள்ளே அமிழ்ந்துபோகும். நாதஸ்வரம் தப்பிவிடும், வீணை தப்பாது.

ஒலியைக் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். 10 டெசிபல் கூடுவதென்றால் ஒலியின் சக்தி 10 மடங்காக வேண்டும். செவிக்கோ அது ஏறக்குறைய இரு மடங்காகவே தோன்றும். மெல்லிய பகுதியை மீட்பதற்காகக் கூட்டும்போது வல்லொலி செவியைக் குத்துகிறது. அயல்வீட்டாருக்கு நாமே இரைச்சலாகிவிடுகிறோம்! முதியோர் செவிக்கு இன்னும் சிரமம். இரைச்சலிலிருந்து இசையைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் அவர்களுக்குக் குறைகிறது.

இதை எனக்கு உணர்த்தியது எந்த நூலுமன்று. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அப்படியோர் இரவில், வெக்கை தாங்காமல் இருந்த ஐயாவுக்குக் கைத்தொலைபேசியில் பழைய வீணைக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். வழக்கம்போல முழு ஒலியில்.

"தம்பி, கொஞ்சம் குறைச்சு விடு, நல்லாக் கேக்குது" என்றார்.

குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார். தம்புராவின் சுருதியும் கேட்கிறதென்றார்.

இப்பொழுது மாலையில் அரைமணி நேரம் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடுவதில்லை. வீட்டார் முணுமுணுப்பார்கள், நுளம்பும் கடிக்கும். நான் பனையோலை விசிறியால் ஐயாவுக்கு மெல்ல வீசிக்கொண்டிருப்பேன்.