முயற்சியும் சிரமமும்



சொந்தத் தொழில் தொடங்கும் ஆசை நம்மிற் பலருக்கு உண்டு. ஆயினும், பணம் சேரட்டும், சிரமமெல்லாம் நீங்கட்டும் என்று காத்திருக்கிறோம். இது அலை ஓய்ந்தபின் கடலாட நினைப்பதை ஒக்கும். சிரமம் தொழிலின் வாசலில் நிற்கும் தடையன்று. தொழிலுக்கு நாம் இடவேண்டிய முதல்களுள் அதுவும் ஒன்று.

இதற்கு நல்லூர் ஆறுமுக நாவலரே சான்று. 1822 இல் பிறந்த அவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அவ்வாண்டிலேயே அவ்வுத்தியோகத்தைத் துறந்தார். பாடசாலைக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்திற்கு அச்சுயந்திரம் வேண்டும். அதனை வாங்க 1849 இல் சதாசிவப்பிள்ளையுடன் கடல்கடந்து தமிழ்நாடு சென்றார். திருவாவடுதுறை ஆதீனம் "நாவலர்" என்னும் பட்டத்தை அளித்தது. பட்டம் பெற்றவர் அதனோடு அமைந்துவிடவில்லை. யந்திரத்தைக் கொணர்ந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். நூலெழுதுவதும், ஏடுகளைப் பரிசோதிப்பதும், பிழை திருத்துவதும், பொருளுதவி வேண்டிப் பிறரை நாடுவதும் அவர் தலையிலேயே விழுந்தன. அவ்வுழைப்பினாலேயே பாலபாடங்களும், 1852 இல் பெரியபுராண வசனமும் நம்மவர் கைக்கு வந்தன.

எனினும், எல்லாச் சிரமமும் போற்றத்தக்கதன்று. 2009 இல் இம்மண்ணைவிட்டு ஓடநேர்ந்த துன்பம் நாம் விரும்பி ஏற்றதன்று. அதனைப் புகழ்தல் முறையுமன்று. கணக்கெழுதாமையால் வரும் நட்டமும் தவமாகாது, அது அசட்டையே. பயன் கருதி, அறிந்து ஏற்கும் சிரமத்தையே இங்கே சொல்கிறோம்.

நம் வயலையே பாருங்கள். ஈரநெல்லைக் களத்திலேயே வந்த விலைக்குக் கொடுத்துவிடுதல் எளிது. அதனைக் காயவைத்து, புழுக்கி, குற்றி, அரிசியாக்கிச் சந்தைக்குக் கொண்டுசெல்லுதல் கடினம். அக்கடினத்தை ஏற்பவனுக்கன்றோ அரிசியின் விலை கிடைக்கும்! கச்சானை வறுத்துப் பொதிசெய்து விற்பதும் அவ்வாறே. உடல் நோவைக் காட்டிலும், "படித்தவன் தராசு பிடிப்பதா?" என்னும் கூச்சமே நம்மைப் பெரிதும் தடுக்கிறது. அக்கூச்சத்தைச் சில மாதம் பொறுத்தால் அது தானே தேய்ந்துபோம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முதற்போகத்தில் நட்டப்பட்ட பிள்ளையைக் கண்டு நகையாதீர்கள். "அடுத்த போகத்திற்கு என்ன செய்யப்போகிறாய், தம்பி?" என்று கேளுங்கள். அவ்வொரு சொல்லே அவனுக்குப் பெருமுதலாகும்.

சிரமத்திற்கு அஞ்சாது முயல்வோம், திருவருள் துணைநிற்பதாக.