மணி தவறாத மாத்திரை

நமது ஆஸ்பத்திரியின் ஆதரவாளர் கூடுகையில் மூத்த நர்ஸ் ஒருவர் பேசியது



புதிய கட்டிடத்தைப் பற்றி டாக்டர் ஐயா சொல்லிவிட்டார்கள். என்னை ஒரு சிறு மாத்திரையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

2014ஆம் ஆண்டு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தவறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டுக்கு வந்தார். பல வருடங்களாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். நம் ஜனங்கள் நடுக்குவாதம் என்பார்களே, அதுதான். அவருடைய மனைவி நோட்டுத் தாள் ஒன்றை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்கள். அதில் 7, 10.30, 2, 5.30, 9 என்று மணி எழுதியிருந்தது.

"சிஸ்டர், இந்த நேரம் மட்டும் தவறக் கூடாது" என்றார்கள்.

எங்கள் மருந்து வண்டி காலை 8 மணிக்கும், மதியம் 1 மணிக்கும், இரவு 8 மணிக்கும் வரும். "வண்டி வரும்போது கொடுப்போம் அம்மா. அரை மணி முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகாது" என்றேன். அவர்கள் கொண்டுவந்திருந்த மாத்திரைப் பட்டைகளையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எனக்கு அப்போது இருபது வருட சர்வீஸ், அந்தத் தைரியம்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் அவர் உடம்பு பலகைபோல் விறைத்துவிட்டது. பேச்சில்லை, கண் மட்டும் அசைந்தது. நான் பதறிப்போய் மாத்திரையை வாயில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்க முடியாமல் புரையேறிற்று. பிறகு மூக்குக் குழாய் போட்டு, மாத்திரையைக் கரைத்து உள்ளே விட்டோம். புரையேறியதில் நிமோனியா வந்து, பத்து நாளில் வீடு திரும்ப வேண்டியவர் மூன்று வாரம் படுத்திருந்தார். தேவ கிருபையால் பிழைத்தார். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். இந்த நோயில், டோபமின் என்ற பொருளை உண்டாக்கும் மூளைச் செல்கள் அழிந்துகொண்டே வருகின்றன. டோபமினை நேரே கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. அதனால் உள்ளே போய் டோபமினாக மாறும் லெவோடோபாவைக் கொடுக்கிறோம். (நம் வேலியோரம் படர்ந்து, பட்டால் அரிக்கிற பூனைக்காலி விதையிலும் இது இருக்கிறது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக யாரும் விதையை இடித்துக் குடிக்க வேண்டாம், அளவு பிடிபடாது.) இம்மருந்து இரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் ஆரம்பத்தில் மூளை கொஞ்சம் சேமித்து வைத்துச் சமாளிக்கும். வருடங்கள் போனபின் அன்றாடங்காய்ச்சி வீடுதான். கூலி வர நேரமானால் அடுப்பு எரியாது.

இங்கிலாந்தில் இந்நோயாளிகளுக்கான சங்கம், ஆஸ்பத்திரிகளில் மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள் என்று 2006இல் ஓர் இயக்கமே தொடங்கியது. குறித்த நேரத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2018இல் அங்கே தர விதியும் வந்தது. நான் லேசாகச் சொன்ன அதே அரை மணி!

இப்போது எங்கள் வார்டில் இந்நோயாளிகளின் கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் நேரம் எழுதித் தொங்கவிடுகிறோம். வண்டிக்காக அவர்கள் காத்திருப்பதில்லை. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசி இவர்களுக்கு ஆகாது என்பதும் அந்த அட்டையில் இருக்கிறது.

தலைமை ஆசிரியர் ஐயா மறுபரிசோதனைக்கு வந்தபோது, வெளிநோயாளர் பெஞ்சில் இதே நோயுள்ள இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நான்கு பேரும் டாக்டரைப் பார்த்தபின்னும் எழுந்து போகவில்லை, பேசிக்கொண்டேயிருந்தார்கள். நம் கூட்டம் அந்தப் பெஞ்சில்தான் பிறந்தது. திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரை உங்களுக்குத் தெரியும். இங்கே நால்வருக்குமே கால் ஓடாது என்பதுதான் வித்தியாசம்.

எங்களுக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரிகிறது. வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நகராதபோது, தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டால் கோட்டைத் தாண்டிக் கால் வரும் என்று ஒரு தாத்தா செய்து காட்டினார். ஞாயிறுதோறும் மத்தியான மாத்திரை மட்டும் ஏன் வேலை செய்வதில்லை என்று ஓர் அக்கா கேட்டார். "கறிக்குழம்பு சாப்பிட்ட கையோடு போடுகிறீர்களா?" என்று இன்னொருவர் கேட்டார். அதேதான். புரதம் அந்த மருந்தோடு போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னே போட வேண்டும். இதை நான் நூறு முறை சொல்லியிருப்பேன். அவர்களில் ஒருவர் சொன்னதும் கேட்டுக்கொண்டார்!

திருவிருந்தில் கை நடுங்கி ரசம் சிந்தியதால் ஆறு மாதம் கோவிலுக்கே போகாமலிருந்த ஒருவர், எங்கள் கூட்டத்தில்தான் முதல்முறை வாய்விட்டு அழுதார். பக்கத்திலிருந்தவர், "எனக்கும் சிந்தியது ஐயா" என்றார். அவ்வளவுதான், அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்தே போனார்கள்.

ஒன்று வருத்தத்தோடு சொல்கிறேன். ஜெபக்கூட்டத்தில் யாரோ சுகமாயிற்று என்று சொல்ல, ஒரு சகோதரி ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டார். கடும் காய்ச்சலும் விறைப்புமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நானும் ஜெபிக்கிறவள்தான். சபைகளில் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

காசில்லாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை என்றால் மாதம் 150. கூலி வேலை செய்யும் மகன், அப்பாவுக்கு மூன்றாகக் குறைத்துக் கொடுக்கிறான்; அவனைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் காணிக்கையில் இப்போது ஒன்பது பேருக்கு முழு மாத்திரையும், துணைக்கு வருகிறவரின் பஸ் செலவும் கொடுக்கிறோம். இன்னும் ஆறு பேர் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கிறார்கள்.

கூட்டம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, பழைய வார்டு வராந்தாவில். பதினொரு மணிக்குத் தொடங்குவோம்; பத்தரை மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருக்க வேண்டுமே. நீங்களும் ஒருமுறை வந்து அவர்களோடு டீ குடியுங்கள். டம்ளரில் பாதிதான் ஊற்றுவோம். சிந்தாமலிருக்க அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு அது.